கேட்டது கால், சொல்வது அரை

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருளை எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னக் கணக்கு. படிப்பது, கேட்பது, பார்ப்பது என்று நாம் உள்ளே வாங்கிக்கொள்வது எவ்வளவு இருக்கலாம்? எழுதுவது, வரைவது, பாடுவது, கற்பிப்பது என்று நம்மிடமிருந்து வெளியே போவது எவ்வளவு இருக்க வேண்டும்? எழுத ஆசைப்படும் இளைஞர்கள் பலருக்கு இன்று இது உண்மையான உறுத்தல். வாங்கி அடுக்கிய புத்தகங்கள் ஒருபக்கம், கைபேசியில் ஓயாமல் வந்து விழும் காணொளிகள் இன்னொரு பக்கம். நடுவில், எழுதத் தொடங்கிய கதை முதல் பத்தியோடு நிற்கிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து நேரக் கட்டுப்பாடு. இத்தனை மணி படி, இத்தனை மணி எழுது, கைபேசியை அடுத்த அறையில் வை. கெட்ட மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. வாங்கும்போதே யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்பு நம் மேல் இருந்தால், நாள் முழுக்கப் படித்தாலும் அது படைப்புக்கு உரமாகும். அந்தப் பொறுப்பு இல்லையென்றால் அரை மணி நேரமும் அதிகம்.

இந்தக் கணக்கைத் தமிழில் ஒருவர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார். அவர் 13ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த பவணந்தி முனிவர். நன்னூல் என்றதும் பலருக்குப் புணர்ச்சி விதிகள்தாம் நினைவுக்கு வரும்; பள்ளியில் பட்ட பாடு அப்படி. அதன் பொதுப்பாயிரத்தை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் பவணந்தியார் பின்னம் போட்டுப் பேசுகிறார். ஆசிரியர் சொன்னதை மாணவன் எவ்வளவு நிறைவாக மனத்தில் கொண்டாலும் புலமையில் அது கால் பங்குதான். உடன் கற்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். மீதி இரண்டு காலும், அதாவது சரிபாதி, தான் கற்றதைப் பிறருக்குச் செவ்வையாக விரித்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். இங்கே அவர் சோம்பேறி மாணவனைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குறைவறக் கேட்டவனுக்கே கால்தான். ஒரே பாடத்தை இரண்டு முறை, மூன்று முறை கேட்பதால் வரும் பயனையும் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கணக்குக்கு வருகிறார். ஆகவே கேட்பதைக் கூட்டிக்கொண்டே போய்க் காலை அரையாக்கிவிடலாம் என்ற குறுக்குவழியும் அடைபட்டுவிடுகிறது. கேள்விச் செல்வத்துக்கு ஓர் உச்சவரம்புச் சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களை அவர் வகைப்படுத்தும் இடமும் நம் காலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகிய நான்கும் கடைத்தரம். பசு நிறைய மேயும்; மேய்ந்த பின் ஓரிடத்தில் படுத்து அசைபோடும். ஆடு இந்தச் செடியில் ஒரு தழை, அந்தச் செடியில் ஒரு தழை என்று கடித்துக்கொண்டே நகரும். எந்தச் செடியிலும் நின்று வயிறு நிறையத் தின்னாது. கட்டைவிரலால் திரையைத் தள்ளித் தள்ளி ரீல்ஸ் பார்ப்பவரை ஒருமுறை கண்டவர்களுக்கு இந்த ஆட்டை விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சுவையாகப் படுவது கிளியின் இடம். சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளியைக் கடைசியில் தள்ளியிருக்கலாம்; அவர் ஆட்டுக்கு மேலே வைக்கிறார். திருப்பிச் சொல்வதற்காவது கிளி முழுச் சொல்லையும் உள்ளே வாங்கியாக வேண்டும் அல்லவா?

இது வெறும் அறிவுரையாக நின்றிருந்தால் நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்க மாட்டேன். அந்தக் காலத்துப் புத்தகமே இந்தக் கணக்கின்படிதான் இயங்கியது. ஒரு சுவடி வேண்டுமென்றால், வைத்திருப்பவரிடம் இரவல் கேட்டு, ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியால் கீறிப் படியெடுக்க வேண்டும். பிறகு இலைச்சாற்றையும் கரியையும் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். பொருள் உள்ளவர் கூலி கொடுத்து எழுதுவிப்பார். மற்றவர்களுக்கு, ஒரு நூலை உடைமையாக்க அதை ஒருமுறை முழுக்க எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. எழுதி முடித்தாலும் படிப்பது எளிதாகிவிடாது. ஓலை பொத்துக்கொள்ளும் என்பதால் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வடிவில் வேறுபாடு இருக்காது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் பரவும்வரை அதுதான் நிலை. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் நிற்கும். செய்யுள் அடி பிரியாமல் உரைநடை போல ஓடும். ஓலையில் கீறியிருக்கும் இரண்டே எழுத்தை ஏரி என்றும் படிக்கலாம், எரி என்றும் படிக்கலாம். அங்கே இருப்பது தண்ணீரா நெருப்பா என்று முடிவு செய்ய வேண்டியவர் படிப்பவர். அதற்கு யாப்பு தெரிய வேண்டும், முன்னும் பின்னும் பொருள் ஓட வேண்டும், அதே சொல் வேறு நூல்களில் வந்த இடம் நினைவில் இருக்க வேண்டும். சும்மா படிப்பது என்ற ஒன்றுக்கு அந்த ஏட்டில் இடமே இல்லை.

இந்த வகைப் படிப்பு முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம் உரையாசிரியர்கள் சாட்சி. நச்சினார்க்கினியர் தொல்காப்பியம், பத்துப்பாட்டு, கலித்தொகை, சிந்தாமணி என்று உரை எழுதிக்கொண்டே போனார். எங்கோ கிடக்கும் சொல்லை வேறெங்கோ கிடக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் கொண்டார் என்று இன்றுவரை அவர்மேல் குறை சொல்கிறோம். குறை நியாயமானதுதான். ஆனால் அந்த அத்துமீறலிலேயே ஒரு செய்தி இருக்கிறது. வாங்கிக்கொள்ள உட்கார்ந்தவர் கட்டத் தொடங்கிவிட்டார். வாசகருக்கும் ஆக்கியோனுக்கும் இடையே சுவர் இருந்திருந்தால் அவருக்கு அந்தத் துணிவு வந்திராது.

அச்சு வந்ததும் இந்த ஏற்பாடு தளர்ந்தது. அதற்காக அச்சைக் குறை சொல்வது நன்றிகெட்டதனம். அச்சு இல்லையென்றால் நாம் இங்கே சங்க இலக்கியம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனாலும் புள்ளி வைத்து, அடி பிரித்து, விலை போட்டு வரும் புத்தகத்தில் படிப்பவருக்கு வைத்திருந்த வேலையில் பெரும்பகுதி தீர்ந்துபோய்விடுகிறது. கைபேசி மீதி வேலையையும் எடுத்துக்கொண்டது. அடுத்து எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலைகூட இப்போது நம்முடையதாக இல்லை.

இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர் உ.வே.சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு அக்டோபரில் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்த கதையை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரித் தமிழாசிரியர், 25 வயது. படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை, பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். மேடைகளில் கதை இங்கே முடிந்து கைதட்டல் எழும். நம் கணக்குக்கு முக்கியமானது அதற்குப் பின்னால் வருகிறது. முதலியாரோடு சேர்ந்து சிந்தாமணியைப் படிக்கும் பொறுப்பு ஐயருக்கு வாய்த்தது. அவர் கேட்பார், இவர் விளக்க வேண்டும். அதுவரை படித்த அத்தனை பிரபந்தங்களும் போதவில்லை. சமணக் கொள்கை புரியவில்லை. உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலிலிருந்து வருகின்றன என்று தெரியவில்லை. ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போனார். அங்கே ஒரு வீட்டில் சிந்தாமணி படனம் நிறைவேறியதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கல்லூரித் தமிழாசிரியருக்குத் தெரியாத நூல் அதே ஊரில் ஒரு வீட்டில் வழிபாட்டுக்குரியதாக இருந்திருக்கிறது. பல சுவடிகளை ஒப்பிட்டு, குறிப்பு எழுதி, அகராதி போல் சொற்களைத் தொகுத்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். ஏழு ஆண்டு. பத்துப்பாட்டும் சிலம்பும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்த 11 ஆண்டுகளில் வந்தன.

1880க்கு முன்னும் அவர் கடுமையான படிப்பாளிதான். பின்னால் அவர் படித்த நேரம் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. படிப்புக்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறுபாடு அவ்வளவே. அந்த வேறுபாடு எதுவரை கொண்டுபோனது என்று பாருங்கள். குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதியதாகச் சொல்லப்படும் உரை கிடைக்கவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 1937இல் தாமே உரை எழுதிப் பதிப்பித்தார். வயது எண்பதைக் கடந்திருந்தது. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய ‘என் சரித்திரம்’ 1942இல் அவர் மறையும்போது முற்றுப்பெறாமல் நின்றது. பதிப்பாசிரியர், உரையாசிரியர், உரைநடைக் கலைஞர் என்று வரிசையாக ஒரே ஆளுக்குள்ளிருந்து வந்தார்கள். இதில் எந்த இடத்தில் நுகர்வு முடிந்து படைப்பு தொடங்கியது என்று கோடு கிழிக்க என்னால் முடியவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பவணந்தியார் சொல்வது கல்வி பற்றி. பாடம் சொல்வதும் பதிப்பிப்பதும் உரை எழுதுவதும் புலமைத் தொழில். கவிதையும் கதையும் அப்படி வருவதில்லை. அதிகம் படிப்பது சொந்தக் குரலைக் கெடுத்துவிடும் என்று அஞ்சும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். இந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை. புதுமைப்பித்தன் தழுவல் எழுத்தை மிகக் காட்டமாகத் தாக்கியவர். அவருடைய கதைகளிலேயே சில மாப்பசானின் தழுவல்கள் என்று பின்னால் தெரிய வந்தது. படித்தது எழுத்துக்குள் கசியும் என்பதற்கு இதைவிடச் சங்கடமான சான்று வேண்டுமா? ஆனால் அதே புதுமைப்பித்தன், நூற்றை ஒட்டிய சொந்தக் கதைகளோடு, உலகக் கதைகளில் ஐம்பதை ஒட்டி மொழிபெயர்த்தும் இருக்கிறார். பாரதி 1904இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது கிடைத்த வேலையும் முதன்மையாக மொழிபெயர்ப்புதான். அன்றாடம் வரும் ஆங்கிலச் செய்திக்கும் பேச்சுக்கும் அன்றைக்கே தமிழ் கண்டாக வேண்டும். நாளைக்கு என்று தள்ள முடியாது. க.நா.சுப்ரமண்யம் ஹாம்சனையும் லாகர்லெவையும் லாகர்க்விஸ்டையும் தமிழில் தந்தவர். ‘பொய்த்தேவு’ எழுதியதும் அவர்தான். மொழிபெயர்ப்பு என்பது படிப்பும் எழுத்தும் ஒரே வரியில் நடக்கும் தொழில். மூவரும் ஆட்டைப் போல மேயவில்லை. ஒரு வாக்கியத்தைத் தமிழில் நிறுத்த முடியுமா என்று பார்த்துப் பார்த்துப் படித்தார்கள். சொந்தக் குரலைக் கெடுக்கும் என்று அஞ்சப்படும் படிப்பு, வாய் திறக்காமல் படிக்கும் படிப்பு. கம்பர் வான்மீகத்தை எவ்வளவு ஊன்றிப் படித்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே இல்லாத இரணியன் வதைப் படலம் இங்கே இருக்கிறது.

இன்னொரு மறுப்பு, இப்படிக் கொடுப்பதை வலியுறுத்தினால் எல்லோரும் எழுதிக் குவிப்பார்கள், படிக்க ஆள் இருக்காது என்பது. புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். இதற்கு என் பதில் மௌனியிடம் இருக்கிறது. அவர் எழுதியவை 24 கதைகள். குறைவாகக் கொடுத்தார் என்று இன்று எந்த வாசகரும் சொல்வதில்லை. கொடுப்பதை நான் எண்ணிக்கையாகச் சொல்லவில்லை. பவணந்தியாரின் இரண்டாம் காலையும் மறந்துவிடக் கூடாது. உடன் பயில்பவரோடு பேசுவது என்ற அந்தக் கால் பங்கில் எழுத்து வேலையே கிடையாது. கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து விரல் எண்ணித் தாளம் போடும் ரசிகர் பாடகரல்லர். ஆனால் சமத்துக்கு வரும்போது அவருடைய கையும் மிருதங்கக்காரரின் கையும் ஒன்றாக விழுகின்றன. கும்பகோணத்துச் சமண வீட்டில் சிந்தாமணியைக் கேட்டு முடித்துக் கொண்டாடியவர்கள் ஒரு வரியும் எழுதியிராமல் இருக்கலாம். அவர்கள் கேட்டுக் காத்ததையும், வந்து கேட்டவருக்கு எடுத்துச் சொன்னதையும் கழித்துவிட்டால் 1887ஆம் ஆண்டுப் பதிப்பு என்னவாகியிருக்கும்? இந்த அளவில் என் வாதத்தை நானே திருத்திக்கொள்கிறேன். எல்லோரும் எழுத வேண்டியதில்லை. கேட்டது கேட்டவரோடு நின்றுவிடக் கூடாது.

கைபேசியும் அதைத்தானே செய்கிறது, கேட்டதை உடனே நூறு பேருக்கு அனுப்ப முடிகிறதே என்று இளைஞர்கள் கேட்கலாம். ஃபார்வர்டு செய்வதையும் ஏடு படியெடுப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏடு எழுதியவர்கள் பிழை செய்தார்கள். தெரியாத சொல்லுக்குப் பதில் தெரிந்த சொல்லைப் போட்டார்கள். சிலர் தமக்குப் பிடித்தபடி ஒரு சீரையே மாற்றினார்கள். பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்று தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான். ஆனால் ஒவ்வொரு பாடபேதமும், அந்த இடத்தில் ஒரு மனம் வேலை செய்தது என்பதற்குத் தடயம். ஃபார்வர்டில் பாடபேதமே வராது. ஒரு மனத்தையும் தொடாமல் ஆயிரம் கை மாறும். பவணந்தியாரின் கிளிகூட இதைவிட ஒரு படி மேல்.

இப்போது கேட்டதை எழுதித் தரும் இயந்திரமும் வந்துவிட்டது. ஆகவே வெளியே கொடுப்பது பெரிய காரியமே அல்ல என்று ஒரு பேச்சு. கட்டுரை வேண்டுமென்றால் அது தரும், நன்றாகவும் இருக்கலாம். ஆனால் நன்னூல் அரைப் பங்கை வைத்திருப்பது சொல்லி முடித்த சொல்லில் அல்ல, சொல்லும் வேலையில். அந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்தால் நமக்குக் காலோடு கணக்கு முடிந்தது.

நேரம் என்ற மறுப்புக்குத்தான் என்னிடம் முழு விடை இல்லை. இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளையைத் தூங்க வைக்கும் பெண்ணிடம் போய், படித்ததைச் செவ்வையாக விரித்துரையுங்கள் என்று சொல்வது அறியாமை. மடமும் ஆதீனமும் சோறு போட்டுப் படிக்க வைத்த மாணவர்களுக்கு வாய்த்த ஓய்வு அவளுக்கு இல்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குமே எல்லாம் எளிதாக வாய்த்துவிடவில்லை. தண்டியலங்காரம் கற்க, இரந்துண்டு திரிந்த ஒரு பரதேசியின் பின்னால் போய்ப் பாடம் கேட்டார் என்பது அவர் வரலாறு. தனிமனிதர் ஊக்கத்தின் மேல் எல்லாச் சுமையையும் ஏற்றுவது சரியில்லை. இங்கே ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நாட்டிலேயே முன்னோடியாக 1948இல் பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த நூலகங்கள் முதல் கால் பங்கை ஓரளவு நன்றாகவே தருகின்றன. வாசகர் வட்டம் என்ற பெயரில் இரண்டாம் காலுக்கும் ஏற்பாடு இருக்கிறது. பல ஊர்களில் பெயரளவில். மாதம் ஒருமுறை, வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய ஞாயிறு மாலையில், ஒரே ஒரு நூலை எடுத்து, எழுத்தாளரை அழைத்துப் பொன்னாடை போர்த்தாமல், படித்தவர் ஒருவர் படிக்காதவர்களுக்கு எடுத்துச் சொல்லும் கூட்டமாக அதை மாற்ற முடியாதா? செலவு ஒரு குடம் தண்ணீரும் நாலு நாற்காலியும். இந்த மாவட்டத்து நூலகர்கள் இங்கே வந்திருந்தால் இதை என் வேண்டுகோளாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மணி நேரமாகப் பொறுமையாகக் கேட்டீர்கள். பவணந்தியார் கணக்குப்படி உங்களுக்கு இதிலிருந்து கிடைத்திருப்பது கால் பங்கு. அதுவும் நடுவில் கைபேசியை எடுக்காதவர்களுக்கு. வெளியே காபி வைத்திருக்கிறார்கள். அங்கே நின்று, நான் சொன்னதில் எது தவறு என்று பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். இன்னொரு கால் வந்துவிடும். மீதி அரைக்கு, வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கும் யாரோ ஒருவர் வேண்டும்.